காலை மடக்கி உட்காருடா

போன மாதம் நம்ம ஏரியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நிறையப் பேர் போன் செய்தீர்கள். இன்றைக்குக் காரைப் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே!" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நீளமான பதிவு. சாயங்காலம் டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். நானும் என் நாத்தனாரும் போக வேண்டும். நம்ம பள்ளியில் படித்த ஒருவன் கார் ஓட்டுகிறான் என்று தெரிந்து அவனையே வரச் சொன்னேன். பேர் சொல்ல மாட்டேன், அவனும் இதைப் படிப்பான். பழைய கார், பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியது, டிராவல்ஸ்காரருடையது. நாத்தனார் முட்டி வலிக்காரர். ஏறி இறங்க வசதியாக, டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற பக்கமாகவே ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் முன் சீட்டில்.

பென்னலூரைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும்தான் பக்கத்தில் பார்த்தேன். பையன் ஆறடி இரண்டு அங்குலம். ஸ்டீயரிங்குக்கு இந்தப் பக்கம் ஒரு முட்டி, அந்தப் பக்கம் ஒரு முட்டி. கியர் போடும்போதெல்லாம் இடது முட்டியில் கை இடிக்கிறது. கிளட்சை மிதித்து எடுக்கும்போது முட்டி ஸ்டீயரிங் வரைக்கும் ஏறுகிறது. "என்னடா இது, இப்படி உட்கார்ந்தா ஓட்டற?" என்றேன். சிரித்தான்.

"நீங்க பழக்கினதுதான் டீச்சர். ஆறாவதுல கடைசி பெஞ்சுல இருந்து காலை நீட்டினேன்னு நீங்கதான் ஸ்கேலால தட்டி, 'காலை மடக்கி உட்காருடா'ன்னு சொன்னீங்க."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்று இருந்தது. உண்மைதான். உயரமான பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார வைப்போம், மற்றவர்களுக்குக் கரும்பலகை மறைக்கக் கூடாது என்பதற்காக. ஆனால் கடைசி வரிசைப் பெஞ்சும் முதல் வரிசைப் பெஞ்சும் ஒரே தச்சர் ஒரே அளவில் அடித்தவை. நெட்டையான பிள்ளை காலை நடைபாதையில் நீட்டாமல் வேறு எங்கே வைப்பான்? முப்பத்தைந்து வருடம் வகுப்பு எடுத்த எனக்கு ஒரு நாளும் இது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பழைய புத்தகங்களையும் இணையத்தையும் துழாவி, கார் சீட்டுக்கு இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம்ம மதராஸ் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். இன்றைக்கு ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்கிறோம். அதற்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே இங்கே கார் செய்தார்கள். 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டியது. அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி இருந்தது. 1960களில் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட். எல்லாமே வெளிநாட்டில் வரைந்த வண்டிகள். அம்பாசடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு; ஃபியட் பெயரிலேயே இத்தாலி.

இங்கே எனக்கு ஒரு குழப்பம் வந்தது. இங்கிலாந்துக்காரர்கள் நம்மைவிட உயரமானவர்கள். அவர்களுக்காக வரைந்த, 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசடரில் நெட்டையான டிரைவர் ஏன் முட்டியை இடித்துக்கொண்டு ஓட்டினார்?

முதல் காரணம் ஸ்டீயரிங். அந்தக் காலத்தில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. கனமான வண்டியைக் கை பலத்தால் திருப்ப வேண்டும். அது சுலபமாக இருக்கட்டும் என்று ஸ்டீயரிங் வட்டத்தைப் பெரிதாக வைத்தார்கள். வட்டத்தின் அடி விளிம்பு தொடைக்கு மேலேயே வந்து நிற்கும். ஏற்றி இறக்கும் வசதி கிடையாது, இருக்கிற இடத்தில் இருக்கும். அதற்கு மேல் நம்ம ஊர்க் குஷன் கடைக்காரர் வேறு. ஸ்பிரிங் தொய்ந்துபோன சீட்டில் தேங்காய் நாரைத் திணித்து, இரண்டு அங்குலம் உயர்த்தி, ரெக்சின் உறை தைத்துக் கொடுப்பார். உட்கார மெத்தென்று இருக்கும். தொடைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடமும் போய்விடும். பழைய அம்பாசடரில் ஹெட்லைட்டை மேலே கீழே மாற்றும் சுவிட்சு தரையில், இடது காலுக்குப் பக்கத்தில் இருக்கும். இரவில் எதிரே வண்டி வரும்போதெல்லாம் அதைக் காலால் மிதிக்க வேண்டும். கிளட்ச் போதாதென்று அந்த இடது காலுக்கு இன்னொரு வேலை.

இரண்டாவது காரணம், முன் சீட்டு ஒரே பெஞ்ச். கியர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்ததால் நடுவில் எதுவும் இல்லை. கல்யாணக் காரில் முன்னால் எத்தனை பேர் ஏறுவோம் என்று நினைத்துப் பாருங்கள்! என் பெரியப்பா மகள் கல்யாணத்தில், முன்னால் டிரைவரோடு நான்கு பேர், மடியில் இரண்டு குழந்தைகள். டிரைவர் வலது தோளைக் கதவுக்கு வெளியே விட்டு, பாதி உடம்பால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்தார். பெஞ்ச் என்றால், தள்ளினால் மொத்தமாகத்தான் பின்னால் போகும். டிரைவருக்கு மட்டும் தனியாகத் தள்ள முடியாது. அப்படித் தள்ளினால் பின்னால் இருக்கிற மாப்பிள்ளை வீட்டார் முட்டியில் போய் நிற்கும். யார் தள்ளுவார்?

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். அந்தக் காலத்தில் கார் வாங்கியவர் பின்னால் உட்கார்ந்தார். ஓட்டியவர் சம்பளக்காரர். அம்பாசடரின் பெருமை என்ன என்று யாரைக் கேட்டாலும் பின் சீட்டைத்தான் சொல்வார்கள். வெள்ளைத் துண்டு விரித்த, தாராளமாகக் கால் வைக்கிற அந்தப் பின் சீட்டில் அமைச்சரும் கலெக்டரும் டாக்டரும் உட்கார்ந்தார்கள். முன் சீட்டில் இருந்தவரின் முட்டியைப் பற்றி யாரும் எந்தக் கடையிலும் விசாரித்து வண்டி வாங்கவில்லை. விசாரித்தாலும் கிடைக்கப் போவது இன்னொரு அம்பாசடர்தான். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. 1958 முதல் 2014 வரை அந்த வண்டியின் உருவம் பெரிதாக மாறவில்லை.

லாரிக்காரர் கதை இதைவிட மோசம். பல காலம் லாரியை வெறும் சேசிஸாகத்தான் விற்றார்கள். டிரைவர் உட்காரும் கூண்டை நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளில் மரத்தால் கட்டிக்கொண்டார்கள். அது தனிப் பதிவுக்கு உரிய விஷயம். இப்போது காருக்கே வருகிறேன்.

1983 டிசம்பர் 14ந் தேதி, முதல் மாருதி காரின் சாவியை ஒருவருக்கு இந்திரா காந்தி கொடுத்தார். அன்றிலிருந்து நம் நாட்டில் ஒரு மாற்றம். வாங்கியவரே ஓட்டினார். முன்னால் இரண்டு தனிச் சீட்டுகள், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தள்ளிக்கொள்ளலாம். டிரைவர் சீட்டுக்கு விடிவுகாலம் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். ஆனால் அந்தக் காரின் அளவு வந்தது ஜப்பான் நாட்டுச் சட்டத்திலிருந்து.

ஜப்பானில் குட்டிக் கார்களுக்குத் தனி வகுப்பு உண்டு. குறைந்த வரி, இன்னும் சில சலுகைகள். அந்தச் சலுகை வேண்டுமென்றால், 1976ல் போட்ட விதிப்படி கார் 3.2 மீட்டர் நீளத்துக்கும் 1.4 மீட்டர் அகலத்துக்கும் மேலே போகக் கூடாது என்று அப்போது இருந்தது. சுசூகி கம்பெனி அந்த வகுப்பில் செய்த வண்டியின் உடம்பில் கொஞ்சம் பெரிய 800 சிசி எஞ்சினை வைத்தது. அதுதான் நம்ம மாருதி 800. டோக்கியோவின் சந்துகளை மனதில் வைத்துப் போட்ட அளவுக்குள், சர்தார்ஜிகளும் நம்ம ஊர் நெட்டையர்களும் உட்கார்ந்தார்கள். அந்தக் காரை நான் குறை சொல்லவில்லை. எத்தனை ஆசிரியர் குடும்பங்களை ஸ்கூட்டரிலிருந்து இறக்கி மழை படாமல் கூட்டிப்போன வண்டி அது! நீளம் கம்மி என்றால் இடம் எங்கிருந்தாவது குறைய வேண்டும், அவ்வளவுதான். இந்த மாதிரிச் சின்ன வண்டிகளில் முன் சக்கரத்துக்கான குடைவு டிரைவரின் கால் வைக்கும் இடத்துக்குள் புடைத்துக்கொண்டு வரும். அதனால் மிதிகள் சற்று நடுப்பக்கமாக ஒதுங்கும். உடம்பு நேராக, கால் மட்டும் கோணலாக உட்கார வேண்டியிருக்கும். குட்டையானவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

அடுத்தது நம்ம ஊர்க் கதை. 1996ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. என் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் அங்கேயோ, அங்கே பாகம் செய்து கொடுக்கிற கம்பெனியிலேயோ வேலை பார்த்திருப்பீர்கள். 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வெளிவந்தது. லாரியில் ஏற்றிப் போகும்போது ரோட்டோரம் நின்று பார்த்த நீங்கள் எல்லாம் வகுப்பில் வந்து என்ன சொன்னீர்கள் ஞாபகம் இருக்கிறதா? "தலைப்பாகை கட்டின கார் டீச்சர்!" பெரியவர்களும் அப்படித்தான் கேலி செய்தார்கள். 'டால் பாய்' என்று அதற்குப் பேர்.

அந்த உயரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வீட்டில் இப்போதே செய்து பாருங்கள். பாயில் காலை நீட்டி உட்காருங்கள். முதுகிலிருந்து பாதம் வரை எத்தனை அடி தேவைப்படுகிறது? பிறகு நாற்காலியில் உட்காருங்கள். கால் கீழே தொங்குவதால் நீளம் பாதியாகக் குறைந்துவிடும். கார் சீட்டும் அதேதான். சீட்டைத் தாழ்வாக வைத்தால் கால் முன்னால் நீள வேண்டும், இடம் அதிகம் வேண்டும். சீட்டை உயர்த்தினால் கால் கீழ்நோக்கி இறங்கும், குறைந்த நீளத்தில் நெட்டையானவரும் உட்காரலாம். சீட்டை உயர்த்தினால் தலை இடிக்கும், அதனால் கூரையையும் உயர்த்தினார்கள். மாருதி 800ன் உயரம் 1.4 மீட்டர் சொச்சம், சான்ட்ரோ கிட்டத்தட்ட 1.6 மீட்டர். வேடிக்கை என்னவென்றால் அம்பாசடரின் உயரமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் சான்ட்ரோ அதைவிட 80 சென்டிமீட்டர் குட்டை. நாம் கேலி செய்த அந்தத் தலைப்பாகைக்குள்தான் நெட்டையானவரின் கால் இருந்தது. அடுத்த வருடமே மாருதியும் வேகன் ஆரை இறக்கியது, அதே மாதிரி உயரமாக.

எல்லாக் காரும் அந்த வழிக்கு வரவில்லை. 2006 பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு உட்பட்ட சின்ன எஞ்சின் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். அதன் பிறகு எல்லாக் கம்பெனியும் 4 மீட்டருக்குள் எஞ்சின், முன் சீட்டு, பின் சீட்டு, பெட்டி வைக்கும் டிக்கி என்று எல்லாவற்றையும் அடக்கப் பார்த்தது. ஜப்பானில் வரிச்சட்டம் செய்ததை இங்கேயும் வரிச்சட்டம் செய்தது. நம்ம மாணவன் ஓட்டிய கார் அந்த ரகம்.

சரி, உட்காருகிறவரின் அளவை யார் முடிவு செய்கிறார்கள்? இதைத் தேடியபோதுதான் ஒரு ஆசிரியையாக எனக்கு உறைத்தது. அமெரிக்க ராணுவம் 1926ல் விமானிகளின் உடம்பை அளந்து, சராசரி எடுத்து, அந்தச் சராசரி மனிதனுக்காக விமான இருக்கையைச் செய்தது. 1950ல் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞரிடம் 4,063 விமானிகளின் அளவுகளை ஒப்படைத்தார்கள். உயரம், மார்பு, கை நீளம் என்று முக்கியமான பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, இந்தப் பத்திலும் சராசரியை ஒட்டி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. 4,063 பேரில் ஒருவர்கூட! அதன் பிறகுதான் சராசரி ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு, சீட்டையும் மிதியையும் ஆளுக்குத் தகுந்தபடி நகர்த்திக்கொள்கிற மாதிரி செய்யத் தொடங்கினார்கள். 1955ல் ஹென்றி டிரைஃபஸ் என்ற வடிவமைப்பாளர் ஜோ, ஜோசஃபின் என்று ஒரு ஆண், ஒரு பெண் படம் வரைந்து அளவுகளோடு புத்தகம் போட்டார். பிறகு வந்த கார் கம்பெனிகள் பொதுவாக, நூறு பெண்களில் ஐந்தாவது குட்டையானவரிலிருந்து நூறு ஆண்களில் தொண்ணூற்றைந்தாவது உயரமானவர் வரைக்கும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அதற்கு மேலே இருக்கிற ஐந்து பேர் மடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நம் நாட்டில் அந்த ஓரம் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். உலக நாடுகளின் உயரத்தையெல்லாம் திரட்டிய ஆய்வு ஒன்று 2016ல் வந்தது. 1996ல் பிறந்த ஆண்களின் சராசரி உயரம் இந்தியாவில் சுமார் 165 சென்டிமீட்டர், நெதர்லாந்தில் 182க்கும் மேல். நம்ம பையன் 188. நானோ நாலடி பத்து அங்குலம், அதாவது 147. இரண்டு பேருக்கும் ஒன்றே கால் அடிக்கு மேல் வித்தியாசம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சீட்டு!

கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "முட்டி வலிக்குதாடா?" முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான். பதினான்கு வருடமாக ஓட்டுகிறான். அதில் முக்கால்வாசி ராத்திரி ஷிப்ட், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குவது. இடது முட்டி இப்போதெல்லாம் படி இறங்கும்போது பிடித்துக்கொள்கிறதாம். அதுகூடப் பெரிதில்லை என்றான். ஆறு மாதத்துக்கு முன்னால் அதிகாலையில் சர்வீஸ் ரோட்டில், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த ஒரு பெண் குறுக்கே வந்திருக்கிறாள். ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலைத் தூக்கியவனுக்கு முட்டி ஸ்டீயரிங்கின் அடியில் மாட்டிக்கொண்டது. ஒரு நொடிதான். வண்டி சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கிறது. "அந்தப் பொண்ணு திட்டிட்டுப் போயிடுச்சு டீச்சர். நான் அரை மணி நேரம் வண்டியை எடுக்கல. அப்புறம் ராத்திரி படுத்தா அந்த சைக்கிள்தான் வருது."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "சீட்டைப் பின்னால தள்ள முடியாதா?" என்றேன். டிராவல்ஸ் நண்பன் ஒருவன் வெல்டிங் பட்டறையில் சீட்டு ரெயிலைத் தள்ளி வைத்து ஒட்டிக்கொண்டானாம், நானும் அப்படிச் செய்யட்டுமா என்று என்னையே கேட்டான். கூடவே கூடாது என்றேன். இது உங்களில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான். வண்டி எதிலாவது மோதினால் சீட்டை இடத்தில் பிடித்து வைத்திருக்கப் போவது அந்த போல்ட்டுகள்தான். தெருவோரப் பட்டறையில் ஒட்டிய தகடு அதைத் தாங்காது. உயரமானவர்கள் பழைய வண்டி வாங்கும்போது ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் உட்கார்ந்து பாருங்கள். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, கிளட்சை அடிவரை மிதித்து எடுங்கள். பிறகு பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் காலை மாற்றி மாற்றி வையுங்கள். முட்டி எங்கேயாவது தட்டினால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை. ஸ்டீயரிங்கை ஏற்றி இறக்க முடிகிறதா, முன்னும் பின்னும் இழுக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

காரிடம் போய் நின்று, "கடைசிவரை தள்ளிக் காட்டு" என்றேன். லிவரைத் தூக்கினான். டக், டக், டக். மூன்று பல் பின்னால் போனது!

"இவ்வளவு இடம் இருக்கே! பின்ன ஏன்டா இப்படி உட்கார்ந்து வந்த?"

"பின்னாடி அம்மா உட்கார்ந்திருந்தாங்களே டீச்சர்."

எந்த வண்டியிலும் அப்படித்தானாம். பின்னால் ஆள் ஏறிவிட்டால் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்வான். சேர்ந்த புதிதில் ஒருமுறை தள்ளியிருக்கிறான். பின்னால் இருந்தவர் கால் இடிக்கிறது என்று புகார் சொல்ல, இரண்டு நாள் டிரிப் கொடுக்கவில்லை. அதிலிருந்து, தனியாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போதுகூட அவன் சீட்டைத் தள்ளுவதில்லை. அம்பாசடர் போய் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பின் சீட்டுக்காரருக்கு அஞ்சுகிற பழக்கம் இவன் வண்டியில் அப்படியே இருக்கிறது.

திரும்பும்போது நாத்தனாரை முன் சீட்டில் ஏற்றினேன். நான் அவனுக்கு நேர் பின்னால் ஏறினேன். "இப்ப தள்ளு" என்றேன். தயங்கினான். "ஸ்கேல் எடுக்கட்டுமா?" என்றேன். தள்ளினான். கடைசிப் பல்லில் போய் நின்றது. என் முட்டிக்கும் அவன் சீட்டுக்கும் நடுவில் என் கைப்பை இன்னும் இருந்தது. நாலடி பத்து அங்குலத்துக்கு வேறு எதற்குத்தான் உபயோகம்!

சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினான். இறங்கி நின்று இடது காலை உதறிப் பார்த்தான். "கிளட்ச் எங்கேயோ தூரத்துல இருக்கிற மாதிரி இருக்கு டீச்சர்" என்றான்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்தில் வளைகாப்பு. அவன் வண்டிதான் வருகிறது. கூட வருகிற சொந்தக்காரர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: டிரைவருக்குப் பின் சீட்டு என்னுடையது.